சாப்பாட்டுக்கு 4 ஸ்டார், ப்ளே ஏரியாவுக்கு 1 ஸ்டார்: ஏற்காடு அடிவாரம் பக்கம் ஒரு ஃபேமிலி ரெஸ்டாரண்ட்

மொதல்லயே சொல்லிடறேன், சாப்பாட்டுல பெரிய குறை ஒன்னும் இல்லைங்க. இதுக்கு முன்னாடி மூணு தடவ போயிருக்கோம். பள்ளிபாளையம் சிக்கன்ல தேங்கா பல்லு நெறைய போட்டு காரம் கரெக்டா இருக்கும், பரோட்டா கல்லுல இருந்து எடுத்து அடிச்சு சூடா தருவாங்க, பன்னீர் பட்டர் மசாலா மட்டும் இனிப்பு தூக்கல், இப்பல்லாம் எங்க போனாலும் அது அப்படித்தான் இருக்கு. பார்க்கிங் தாராளம், பாத்ரூம் சுத்தம், நாலு பேர் வயிறார சாப்ட்டா ஆயிரத்து முன்னூறு நானூறு ஆகும், சேலத்துல இந்த ரேட்டு ஓகே தான்.

ஆனா இந்த தடவ அங்க ப்ளே ஏரியாவுல எங்க பாப்பா விழுந்து கை ஒடஞ்சிருச்சு, அதப் பத்தி தான் இந்த ரிவ்யூ. கடை பேரு போடல. ஓனர் போன்ல மரியாதையா பேசினார், சரி பண்றேன்னு சொல்லிருக்கார், அது ஒரு காரணம். இன்னொன்னு, சேலத்த சுத்தி பைபாஸ் ஓரமா இதே மாதிரி ப்ளே ஏரியா ஒரே கேட்லாக்ல இருந்து எடுத்து வச்ச மாதிரி எத்தனையோ இருக்கு, ஒருத்தர் பேர மட்டும் போட்டா மத்தவங்க எல்லாம் நல்லவங்கன்னு ஆயிடும்.

இன்னொன்னும் சொல்லிடணும், இல்லனா அப்பறம் யாராவது வந்து கேப்பீங்க. நான் சூரமங்கலம் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, கிரில்லு, ஷெட்டு தான் மெயின் வேலை, ஆனா வருஷத்துக்கு ரெண்டு மூணு ஸ்கூலுக்கு ஊஞ்சல், சீசா, சறுக்கு எல்லாம் அடிச்சு குடுத்திருக்கேன். அதனால இந்த ரிவ்யூல கொஞ்சம் பைப்பு சைஸ் எல்லாம் வரும், பொறுத்துக்கோங்க.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலைல ஏற்காடு போயி போட்டிங், அண்ணா பூங்கா எல்லாம் முடிச்சுட்டு சாயந்தரம் இறங்கறோம், 20 ஹேர்பின் பெண்டுலயும் வண்டி ஊர்ந்துட்டு தான் வருது, பாப்பா ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. அடிவாரம் வந்ததும் பசிக்குதுன்னு ஒரே அழுகை. பாப்பாவுக்கு 6 வயசு. கடைல கூட்டம், டோக்கன் குடுத்து 40 நிமிஷம் ஆகும்னாங்க. கவுண்டர்ல ஒரு ஃபிங்கர் சிப்ஸ் மட்டும் வாங்கி குடுத்தோம், அத சாப்ட்டுக்கிட்டே அவ ப்ளே ஏரியாவுக்கு ஓடிட்டா. இந்த ப்ளே ஏரியாவே அதுக்குத்தான் வைக்கிறாங்க, பசங்க வெளையாடிட்டு இருந்தா பெத்தவங்க டேபிளுக்கு சண்ட போட மாட்டாங்க, நல்ல ஐடியா தான், தப்பு சொல்லல.

பாக்க நல்லா தான் இருந்துச்சு. ரெண்டு ஃபைபர் சறுக்கு, மூணு ஊஞ்சல், ஒரு சீசா, ஒரு மங்கி பார், அதாவது ஏணிய படுக்க வச்ச மாதிரி கம்பில தொங்கிட்டே போறது. தரை பூரா பச்சப் பசேல்னு செயற்கை புல்லு. சுத்தி சீரியல் லைட்டு. நானும் போனதும் என்ன பாத்தேன்னு நெனைக்கிறீங்க, வெல்டிங்க தான் பாத்தேன். ஜாயின்ட் எல்லாம் சுத்தமா கிரைண்டிங் பண்ணி பவுடர் கோட்டிங் குடுத்திருந்தான், எங்கயும் பிசிறு இல்ல, ஆட்டிப் பாத்தேன் அசையல. யாரோ நல்ல பட்டறைக்காரன் அடிச்சிருக்கான்னு மனசுக்குள்ள பாராட்டிட்டு கூட நின்னேன். தரைய குனிஞ்சு பாக்கல.

பாப்பா மங்கி பார்ல நாலாவது கம்பிக்கு போறா, நான் நாலடி தள்ளி நிக்கிறேன், போன் கூட கைல இல்ல, அவளத்தான் பாத்துட்டு இருக்கேன். எண்ணெய் கை வழுக்கி ஒரு கை விட்டுச்சு, உடம்பு ஆடி காலு முன்னாடி போச்சு, அடுத்த கையும் விட்டுச்சு. பின்னால சாஞ்ச மாதிரி விழுந்து எடது கைய ஊனினா. எல்லாம் சேத்து அர செகண்டு. "நீங்க பாத்துக்கலையா"ன்னு அதுக்கப்பறம் ஒரு இருபது பேராவது கேட்டிருப்பாங்க, பாத்துட்டே தான் இருந்தேன், பாத்துட்டே இருந்தா புடிச்சிர முடியாது.

சத்தம் கேட்டுச்சு. அத எழுத வேணாம்.

அடுத்த அஞ்சு நிமிஷம் தான் இந்த ரிவ்யூல நான் நிதானமா எழுதணும்னு நெனச்ச பகுதி, ஏன்னா அங்க இருந்த எல்லாருமே நல்ல மனசோட தப்பு தப்பா பண்ணாங்க, நானும் சேத்து தான். ஒரு அக்கா ஓடி வந்து பாப்பா வாயில மேங்கோ ஜூஸ் வச்சாங்க, அழாத சாமி குடின்னு. ஒரு பெரியவர் "சுளுக்கு தான் தம்பி, ஒரு இழு இழுத்து நீவி விட்டா சரியாயிடும்"னு கைய புடிக்க வந்தார். எங்க அத்தை கூட நல்லெண்ணெய் இருக்குமான்னு கிச்சன்ல கேக்க போயிட்டாங்க. நான் கைய நேரா ஆக்கிப் பாக்கலாம்னு போனேன், அவ போட்ட கத்துல விட்டுட்டேன், நல்ல வேளை. முழங்கைக்கு மேல கை ஒரு மாதிரி எஸ் எழுத்து மாதிரி வளைஞ்சு நின்னுச்சு.

அங்க வேலை செய்யற ஒரு பையன், இருபது வயசு கூட இருக்காது, அவன் தான் உருப்படியா ஒன்னு பண்ணான். லேமினேட் பண்ண மெனு கார்டு பெருசு ஒன்ன எடுத்துட்டு வந்து, கை எப்படி வளைஞ்சு இருக்கோ அப்படியே அதுக்கு அடில குடுத்து, என் வீட்டம்மா துப்பட்டாவ வாங்கி லூசா சுத்தி கழுத்தோட சேத்து கட்டினான். ஸ்கூல்ல என்சிசி-ல சொல்லிக் குடுத்தாங்கண்ணான்னான். ஜூஸ் கவுண்டர்ல இருந்து ஐஸ் எடுத்து துணில சுத்தி குடுத்தான். தம்பிக்கு மட்டும் தனியா 5 ஸ்டார். கடைல ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ்னு கேட்டா கேஷ் கவுண்டர்ல ஒரு பாக்ஸ் இருந்துச்சு, உள்ள ரெண்டு பிளாஸ்திரியும் ஒரு பாம் டப்பாவும் தான்.

ஆஸ்பத்திரி பேரும் வேணாம். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னாடியே மணிக்கட்டுல நாடி புடிச்சு பாத்தார், நகத்த அழுத்தி விட்டு வெளுத்தது திரும்ப செவக்குதான்னு பாத்தார். அப்பறம் பாப்பாகிட்ட "தம்ஸ் அப் காட்டு கண்ணு", "வெரல எல்லாம் விரி", "கட்ட வெரலையும் ஆள்காட்டி வெரலையும் சேத்து வட்டம் போடு"ன்னார். ஏதோ வெளையாட்டு காட்டறார்னு நெனச்சேன், அப்பறம் தான் சொன்னார், மூணும் மூணு நரம்புக்கு டெஸ்ட்டாம். முழங்கைக்கு கிட்ட நரம்பும் ரத்தக் கொழாயும் ஒட்டிப் போகுது, ஒடஞ்ச எலும்பு முனை அதுல குத்திருச்சான்னு பாக்கணும்னார்.

ஒடஞ்சது முழங்கைக்கு சரியா மேல இருக்கற எலும்பு. சூப்ராகாண்டைலர்னு பேரு. அஞ்சு வயசுல இருந்து ஏழு வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு முழங்கைல ஒடையுதுன்னா பெரும்பாலும் இது தானாம், அந்த வயசுல அந்த எடத்துல எலும்பு சப்பையா மெல்லிசா இருக்கும், விழும்போது கைய நீட்டி ஊனினா முழங்கை பின்பக்கமா மடங்கி அங்க தான் முறியும். எடது கை தான் அதிகம் வரும்னார். எலும்பு நல்லாவே வெலகிருச்சு, மாவுக்கட்டு மட்டும் போட்டா நிக்காது, மயக்கம் குடுத்து வெளியில இருந்தே எலும்ப சேத்து வச்சு ரெண்டு கம்பி குத்தணும்னார். இங்க தான் அந்த ஃபிங்கர் சிப்ஸும் மேங்கோ ஜூஸும் வந்து நிக்குது. மயக்கம் குடுக்கணும்னா கெட்டியா சாப்ட்டு 6 மணி நேரமாவது ஆகிருக்கணும். சிப்ஸ நாங்க தெரியாம குடுத்தோம் சரி, விழுந்ததுக்கு அப்பறம் குடுத்த ஜூஸ் தேவையே இல்ல. ராத்திரி பூரா வலில முனகிட்டே படுத்திருந்தா, விடியக்காலம் தான் தியேட்டருக்கு கூட்டிட்டு போனாங்க. அடிபட்ட கொழந்தைக்கு வாயில எதையும் குடுக்காதீங்க, தண்ணி கூட டாக்டர கேட்டுட்டு.

நடுவுல மச்சான் போன் பண்ணி கட்டு போடற வைத்தியர்கிட்ட போயிரலாம், கத்தி கபடா இல்லாம முடிஞ்சிரும்னார். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தான், எங்கப்பாவுக்கு மணிக்கட்டு ஒடஞ்சப்ப அப்படி கட்டித்தான் சரியாச்சு. டாக்டர்கிட்டயே கேட்டேன். அவர் திட்டல. இந்த எடத்துல வீக்கம் ஏற ஏற எறுக்கமா கட்டுன கட்டு ரத்த ஓட்டத்த நிறுத்திரும், சில மணி நேரம் நின்னாலே சதை செத்து கை கழுகு நகம் மாதிரி மடங்கிரும், அது அப்பறம் நேராகாதுன்னு பொறுமையா சொன்னார். மாவுக்கட்டுக்கும் இதே தான், கட்டுன கை வெரல் நீலமானாலோ, மரத்துப் போனாலோ, வெரல நீட்டி விடும்போது வலி தாங்காம கத்தினாலோ காலைல பாக்கலாம்னு படுக்கக் கூடாது, உடனே வரணும்னார்.

பக்கத்து பெட்டுல ஒன்றர வயசு பையன், கால்ல கட்டு. எப்படின்னு கேட்டா அவங்கப்பா மடில வச்சு சறுக்குல எறங்கிருக்கார். எனக்கு நம்பவே முடியல, மடில வச்சா பாதுகாப்புன்னு தானே எல்லாரும் வைக்கிறோம். நர்ஸம்மா சொன்னாங்க, கொழந்தையோட செருப்பு சறுக்கு ஓரத்துல ஒட்டி நிக்கும், தனியா எறங்குனா கொழந்தையும் அங்கயே நின்னுரும், மடில இருந்தா பின்னாடி அப்பாவோட எழுவது கிலோ தள்ளும்ல, கால் முறுக்கிரும். முழங்காலுக்கு கீழ எலும்பு தான் போகும். அந்தப்பா கொழந்த முகத்த பாக்கவே இல்ல அன்னிக்கு பூரா. அவர்கிட்ட என்னத்த பேசறது, ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

தூக்கம் வராம போன்ல படிச்சது தான் மீதி. அமெரிக்கால வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்கும் மேல பசங்க வெளையாட்டு சாமான்ல அடிபட்டு எமர்ஜென்சிக்கு போறாங்க, அதுல முக்காவாசி கீழ விழறது தான். பொது எடத்துல ஏறற சாமான்ல தான் அதிகம், வீட்டுல ஊஞ்சல்ல. அந்த ஊரு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கையேடு போட்டிருக்கு, அத படிக்க படிக்க எனக்கு வேர்த்துச்சு. இத்தன வருஷமா இந்த வேலைய பண்றோம், ஒரு தடவ கூட இதெல்லாம் யாரும் கேக்கல, நானும் தேடல.

பாப்பா வீட்டுக்கு வந்த நாலாம் நாள் டேப்பும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துட்டு அந்த கடைக்கு போனேன். சண்ட போட இல்ல, அளந்து பாக்கலனா எனக்கு சோறு எறங்காது. மங்கி பார் ஒயரம் 6 அடி 10 இன்ச். பள்ளிக்கூட வயசு பசங்களுக்கு 84 இன்ச், அதாவது 7 அடி வரைக்கும் போலாம்னு அந்த கையேடு சொல்லுது, ஆக ஒயரம் பாஸ். ஆனா 4 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு மங்கி பாரே கூடாது, அங்க ரெண்டு வயசு கொழந்தைய தூக்கி தொங்க விட்டு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க நான் போனப்ப.

கம்பிக்கு வாங்க. எங்க பாஷைல அது ஒன்றர இன்ச் பைப். ஆனா ஒன்றர இன்ச்னா அது பேரு தான், வெளி விட்டம் அளந்தா 48 மில்லி வரும், கிட்டத்தட்ட ரெண்டு இன்ச். பசங்க கைக்கு 39 மில்லிய தாண்டக் கூடாது. அதுக்கு ஒரு இன்ச் பைப் போட்டிருந்தா போதும், வெளி விட்டம் 34 மில்லி கிட்ட, அழகா கைக்குள்ள அடங்கும், வெலையும் கம்மி. அப்பறம் ஏன் பெருசு போடறோம்? ஸ்ட்ராங்கா இருக்கணும்னு கஸ்டமர் கேப்பாங்க, தடியா இருந்தா தான் ஸ்ட்ராங்குன்னு நம்புவாங்க, பட்டறைல மிச்ச பைப்பும் அது தான் கெடக்கும். என் பொண்ணு கைய அந்த கம்பில வச்சு பாத்தா கட்ட வெரலும் மத்த வெரலும் ஒன்ன ஒன்னு தொடாது. பெரியவங்க நமக்கு அது தெரியாது, நம்ம கை பத்தும்.

இப்ப தரை. செயற்கை புல்ல கையால தடவுனா மெத்துன்னு இருக்கு. ஸ்க்ரூ டிரைவர வச்சு குத்தினேன், டொக்குனு நின்னுச்சு. ஓரத்துல தூக்கிப் பாத்தா புல்லு 25 மில்லி, அடில பேவர் பிளாக், அதுக்கு அடில காங்கிரீட். அதாவது சிமெண்டு தரைக்கு பச்ச பெயிண்டு அடிச்ச மாதிரி தான். ஆறடி ஒயரத்துல இருந்து விழுந்தா தரைய தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல வேகம் இருக்கும், அத 25 மில்லி பிளாஸ்டிக் என்ன பண்ணும். காங்கிரீட், தார், கெட்டி மண்ணு எதுவுமே இந்த சாமானுக்கு அடில இருக்கக் கூடாது, நெஜ புல்லு தரை கூட கணக்குல சேராதாம், வெயில்ல காஞ்சு மிதிபட்டு கல்லாயிருது.

என்ன போடலாம்னா, மணல் 9 இன்ச் ஆழம் போட்டா வெறும் 4 அடி ஒயரத்துக்கு தான் தாங்கும். மரச்சில்லு அதே 9 இன்ச் போட்டா 10 அடி வரைக்கும் தாங்கும், ஆனா நம்மூருல கரையானுக்கு பதில் சொல்லணும். தூள் பண்ண ரப்பர்னா 6 இன்ச் போதும், அதுவும் 10 அடிக்கு. மணல்னு சொன்னதும் எம்சாண்ட் கொட்டிராதீங்க, அதுல இருக்கற மாவு தண்ணி பட்டா எறுகி தரையாயிரும், ஏறக்கொறைய காங்கிரீட்டு தான். நல்ல மணலா இருந்தாலும் வாரா வாரம் கெளறி விடணும், பூனை கக்கா கண்ணாடி சில்லு எல்லாம் பொறுக்கணும், அந்த வேலைக்கு ஆள் போடணும்னு தான் யாரும் மணல் பக்கமே வர்றதில்ல. ரப்பர் டைல்ஸ் போடறேன்னு சொன்னா எத்தன அடி ஒயரத்துக்கு டெஸ்ட் பண்ணதுன்னு பேப்பர் கேளுங்க, ஒரு இன்ச் டைல்ஸ் எல்லாம் பாக்க தான் ரப்பரு. அது தவிர எந்த சாமானா இருந்தாலும் சுத்தி எல்லா பக்கமும் கொறஞ்சது 6 அடியாவது காலியா இருக்கணும், இங்க மூணடில செடி வைக்க கிரானைட் திட்டு கட்டிருக்காங்க. பாப்பா தல அதுல படாதது எங்க குலசாமி புண்ணியம்.

மேனேஜர் மொதல்ல போர்ட காட்டினார், குழந்தைகளின் பாதுகாப்புக்கு பெற்றோரே பொறுப்புன்னு. அதுக்கு தான் அரை ஸ்டார் கொறச்சேன். ஓனர் அப்படி இல்ல, லைன்ல வந்ததும் "பாப்பா எப்படிங்க இருக்கு"ன்னு தான் ஆரம்பிச்சார். புல்லு போட்டவங்க இம்போர்ட்டட் சார், பசங்க உருண்டு பொரண்டாலும் ஒன்னும் ஆகாதுன்னு சொல்லி வித்திருக்காங்க, அவரும் நம்பிட்டார். நீங்களே சரி பண்ணி குடுங்களேன், கொட்டேஷன் போடுங்கன்னார். வேணாங்கன்னுட்டேன், பொண்ணு கைய ஒடச்சு ஆர்டர் புடிச்ச மாதிரி ஆயிடும். மங்கி பார மட்டும் இன்னிக்கே யாரும் ஏறாம பண்ணுங்க, மத்தத மெதுவா பாருங்கன்னேன்.

ஸ்டார் எல்லாம் போட்டுட்டு இத பதிவு பண்ண உக்காந்தப்ப தான் நான் அடிச்சு குடுத்த ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி ஒரு நர்சரி ஸ்கூலுக்கு ஊஞ்சலும், பைப்ல அடிச்ச ஏறற வலையும் போட்டேன். அவங்க என்ன கலர்னு கேட்டாங்க, நான் என்ன கலர்னு எழுதிக்கிட்டேன், எந்த தரைல வைக்கப் போறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. போன சனிக்கிழமை போய் பாத்தேன். சிமெண்டு தரை. ஒன்றர இன்ச் பைப். என்னோட வெல்டிங்கு, இன்னும் ஒரு ஜாயின்ட் விடல. அந்த மேடம்கிட்ட சொல்லி ஏறற வலைய கழட்டி வண்டில போட்டுட்டு வந்துட்டேன், லீவுக்குள்ள கம்பி மாத்தி, மண்ணுல குழி வெட்டி வேற எடத்துல வச்சு தரேன், காசு வேணாம்னேன். அவங்க "ஏன் சார், நல்லா தானே இருக்கு"ன்னாங்க. நல்லா தான் இருக்கு.

பாப்பாவுக்கு நாலாவது வாரம் கம்பி எடுத்தாச்சு, ஓபிலயே எடுத்துட்டாங்க, ரெண்டு நிமிஷம். முழங்கை இன்னும் முழுசா நீளல, தானா வெளையாடி வெளையாடி வந்துரும், யாரும் புடிச்சு இழுத்து நீட்டாதீங்க, எண்ணெய் போட்டு நீவாதீங்கன்னு டாக்டர் எங்க அத்தைய பாத்து சொன்னார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்டேட்: நேத்து அந்த பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். ஓனர் சொன்ன சொல்ல காப்பாத்திட்டார், மங்கி பார் இல்ல, கழட்டியாச்சு. ஆனா அது நின்ன எடத்துல எட்டு ஆங்கர் போல்ட்டும் அப்படியே தரைல இருந்து ரெண்டு இன்ச் நீட்டிட்டு நிக்குது, மேல பச்ச புல்ல போர்த்தி விட்டிருக்காங்க, பசங்க அது மேல தான் ஓடிட்டு இருக்காங்க. உடனே போன் பண்ணேன். நாளைக்கு காலைல கட்டிங் மெஷின் எடுத்துட்டு நானே வரேன், பிளக் பாயிண்ட் மட்டும் ரெடி பண்ணி வைங்கன்னு சொல்லிருக்கேன்.